செபஸ்தியானின் கடைவாய்

திண்டுக்கல் பக்கம் ஒரு வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால் பந்தல் செபஸ்தியானுக்குத்தான் முதலில் ஆள் போகும். ரவுண்டு ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அவருடைய கிட்டங்கி இருக்கிறது. சவுக்குக் கம்பும் தகரமும் நாற்காலியும் மைக் செட்டும் அதில் கூரை முட்ட அடைந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு எல்.இ.டி. திரை. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கல்யாணப் பெண்ணின் மூக்குத்தி தெரியும். அந்தத் திரையைத் துடைக்கிற துணியை வேறு யாரும் தொடக் கூடாது. பெத்த பிள்ளைகளை ஒரு நாளாவது இப்படிக் குளிப்பாட்டியிருக்கிறீர்களா என்று அவர் மனைவி அன்னாள் கேட்பாள்.

தொழில் இது என்றால், ஊழியம் வேறு. பங்குக் கோயிலின் மது, புகையிலை ஒழிப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் கோயில் முற்றத்தில் போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பல் எடுப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தீ மூட்ட ஏற்பாடு செய்தவர் செபஸ்தியான். பீடி, புகையிலை என்று மடியில் வைத்திருக்கிற ஆம்பளைகள் அதில் கொண்டுவந்து போட வேண்டும். முதல் பொட்டலத்தை அவரே போடுவார். எனக்குப் பழக்கம் இல்லை, ஆனாலும் முன்மாதிரிக்காகப் போடுகிறேன் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போடுவார். பெண்கள் பக்கத்தில் பாராட்டு முணுமுணுப்பு எழும்.

சொல்லும்போது சிரிப்பார். சிரித்தால் அழகாக இருக்கும். அறுபதை எட்டப்போகிற வயதில் முன்பல் ஒன்றுகூட ஆடவில்லை, கறை இல்லை. இந்த வயசில் இப்படி ஒரு பல்லா என்று கேட்டால், ஒழுக்கம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்வார்.

அந்த அழகான வரிசைக்குப் பின்னால், இடது கடைவாயில், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில், வாலிப வயதிலிருந்து புகையிலை குடியிருந்து வந்தது. இது தனக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். கடவுள் கோள் சொல்ல மாட்டார் என்றும் நம்பினார்.

பழகியது தொழிலால்தான். மறுநாள் முகூர்த்தம் என்றால் விடியும்வரை கம்பு நட வேண்டும். கண் சொக்கி ஏணியிலிருந்து விழப்போன செபஸ்தியானை, கூட வேலை பார்த்த ஒருவர் பிடித்து நிறுத்தி, வேடசந்தூர்ப் புகையிலையில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கொடுத்தார். மெல்லாதே, சும்மா அதக்கிக்கொள் என்றார். அன்றைக்குத் தலை சுற்றி வாந்தி எடுத்தார். அடுத்த முகூர்த்தத்துக்கு அவரே கேட்டு வாங்கினார். அதோடு ஒரு சூட்சுமமும் பிடிபட்டது. வெற்றிலை போட்டால் வாய் சிவந்து காட்டிக்கொடுக்கும். பீடி குடித்தால் நாற்றம். வெறும் புகையிலையைக் கடைவாயில் ஒதுக்கிவைத்துக்கொண்டால் சாட்சியே இல்லை. ஊரில் வாங்க மாட்டார். சின்னாளப்பட்டிக்கோ நிலக்கோட்டைக்கோ பந்தல் போடப் போகிறபோது, முகம் தெரியாத பெட்டிக்கடையில் மொத்தமாக வாங்கிக்கொள்வார். துப்பிய பிறகு ஒரு ஏலக்காய்.

அவரை முழுப் பொய்யர் என்று தள்ளிவிடவும் முடியாது. பெரியப்பா மகன் ஒருவர் வாயில் புற்று வந்து, கன்னம் ஓட்டையாகி, கஞ்சி குடித்தால் வெளியே ஒழுகுகிற நிலைமையில் செத்துப்போனார். அடக்கப் பூசை முடிந்ததும் கோயில் குருவான பங்குச்சாமி இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது செபஸ்தியான் தேம்பித் தேம்பி அழுதார். இனி இந்தக் கோயில் வாசலில் ஒருத்தன் புகையிலையோடு வரக் கூடாது என்றார். அந்த நிமிஷம் அது சத்தியமான வார்த்தை. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவரைத் தலைவராகப் போட்டார்கள். அந்தத் தவக்காலம் முழுக்க அவர் தொடவும் இல்லை. ஈஸ்டர் முடிந்து கல்யாண சீசன் வந்தது, பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. பதவி மட்டும் அப்படியே இருந்தது.

தலைவருக்குக் கண்டிப்பு வேண்டும் இல்லையா? கண்டிப்பு பிராங்கிளின் மேல் போய் விழுந்தது.

பிராங்கிளின் தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவன். பச்சைத் தோலை ஊறவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் பகல் முழுக்க நிற்கிற ஆட்களுக்கு வாயில் ஏதாவது காரமாக இருந்தால்தான் குமட்டல் அடங்கும். அவனும் புகையிலை போடுவான். ஒளித்ததில்லை. ஆனால் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுகிற பாஸ்கு நாடகத்தில் அவன்தான் சீடர் இராயப்பர். ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு, சேவல் கூவினதும் அவன் உட்கார்ந்து அழுகிற அழுகையைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்ச் சனம் வரும். அந்த ஒரு நாளுக்காக அவன் வருஷம் பூராவும் தாடி வளர்ப்பான்.

போன வருஷம் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பிராங்கிளினின் கன்னம் லேசாக உப்பியிருப்பதைச் செபஸ்தியான் பார்த்தார். அதக்குகிறவனை அதக்குகிறவனுக்கு அடையாளம் தெரியாதா? எல்லார் முன்னாலும் அவனை நிறுத்தி, மடியை அவிழ்க்கச் சொன்னார். பொட்டலம் விழுந்தது. இராயப்பர் வேஷத்துக்கு நிற்கிற வாயா இது என்று மைக்கில் கேட்டார். மைக் தேவையே இல்லை, பக்கத்தில்தான் நின்றான். பிறகு மாதா சிலை இருக்கிற கெபிக்கு முன்னால் முழங்கால் போடச் சொன்னார். வாட்டசாட்டமான ஆம்பளை, நரைத்த தாடியோடு போய் முழங்கால் போட்டான். பாட்டுக் குழுவில் அவன் மகள் லிடியா நின்றுகொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

வேஷம் பறிபோனது. வேறு ஆள் இல்லை என்பதால், அப்படித்தான் அவர் சொன்னார், செபஸ்தியானே இராயப்பர் ஆனார். பிடுங்கிய பொட்டலத்தை அடுத்த தீயில் போடுவதாகச் சொல்லித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்ல நாக்கூசுகிறது. பாஸ்கு நடந்த அன்று அவருடைய சொந்தக் கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது. கோயில் வேலையில் வெளியூர் போக நேரம் இல்லை. மேடைக்குப் போகிற நேரத்தில், வாயில் அது இல்லாமல் வசனமே நினைவுக்கு வரவில்லை. சட்டைப் பைக்குள் இருந்த பிராங்கிளினின் பொட்டலத்தைப் பிரித்துக் கிள்ளிக் கடைவாயில் வைத்துக்கொண்டு, செபஸ்தியான் மேடையேறி ஆண்டவரை மறுதலித்து அழுதார். நன்றாகத்தான் அழுதார் என்று சனம் பேசிக்கொண்டது. கூட்டத்தின் ஓரத்தில் பிராங்கிளின் தாடியை மழித்துவிட்டு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம், பாஸ்குவுக்கு முன்னால், பங்குச்சாமி ஒரு பல் முகாம் வைத்தார். நாகல்நகர் பக்கம் புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் டாக்டர் ரீனாவை அழைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் சனம் கூடியது. கூடியதே தவிர, டாக்டர் போட்டிருந்த சாய்வு நாற்காலியில் உட்கார ஒருத்தரும் வரவில்லை. பல் டாக்டர் என்றால் குறடு என்றுதான் நம் ஆட்களுக்குத் தெரியும்.

டாக்டர் ரீனா ஒரு பேனா மாதிரியான கருவியை எடுத்துக் காட்டினார். அதன் நுனியில் சின்ன விளக்கும் கேமராவும் இருந்தன. இது பிடுங்காது, குத்தாது, வாய்க்குள் போய்ப் படம் மட்டும் காட்டும் என்றார். நம் முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம், வாயின் பின்பக்கத்தைச் சாகும்வரை பார்ப்பதில்லை, வலி வந்த பிறகுதான் அங்கே ஒரு இடம் இருப்பதே தெரிகிறது, வலிக்கும் முன்னால் பார்த்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது என்று பொறுமையாக விளக்கினார். படம் பக்கத்திலிருந்த லேப்டாப்பில் தெரியும் என்றார்.

செபஸ்தியானுக்கு அந்த லேப்டாப்பைப் பார்த்ததும் பொறுக்கவில்லை.

"இம்புட்டூண்டு பெட்டியில பின்னால இருக்கவன் என்னத்தைப் பாப்பான் டாக்டர்? செத்த நேரம் இருங்க, நம்ம திரையைப் போட்டுர்றேன்."

டாக்டர் தயங்கினார். ஒருத்தர் வாயை அவருக்கு மட்டும்தான் காட்டுவது வழக்கம் என்றார். செபஸ்தியான் கேட்கவில்லை. இது எல்லாம் ஒரே குடும்பம், முதலில் ஒருத்தர் வாயைப் பெரிதாகப் பார்த்தால்தான் மற்றவர்களுக்குப் பயம் போகும் என்றார். அப்படியானால் விருப்பப்பட்ட ஒரே ஒருத்தரை மட்டும் காட்டலாம், பிறகு திரையை அணைத்துவிட வேண்டும் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். வயரைச் செபஸ்தியானே இழுத்தார். டாக்டர் கோட்டில் குத்திக்கொள்ளத் தன் சின்ன மைக்கையும் கொடுத்தார். விருப்பப்பட்டவர் யார் என்று கேட்டதற்கு, நாற்காலியில் போய் அவரே உட்கார்ந்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு வயர் இழுத்து மைக்கும் கொடுத்தவர் இவர் ஒருவர்தான் இருப்பார்.

அவர் மேல் தப்பு சொல்லவும் முடியாது. பல் டாக்டர் பல்லைத்தான் பார்ப்பார் என்று நினைத்தார். காலையிலேயே வாயைச் சுத்தமாகக் கொப்பளித்து, ஏலக்காயும் மென்றிருந்தார். ஒரு பேனா போய்க் கன்னத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

முதலில் முன்பல் வந்தது. திரை நிறைய வெள்ளை. சனம் கைதட்டியது. செபஸ்தியான் படுத்தபடியே ஓரக்கண்ணால் தன் பல்லைப் பார்த்து மகிழ்ந்தார். டாக்டர் வலது பக்கம் போனார், ஒரு சொத்தையைக் காட்டி அது எப்படி ஆரம்பிக்கிறது என்று விளக்கினார். அதற்குப் பிறகு இடது பக்கம் போனார். செபஸ்தியான் வாயை மூடப் பார்த்தார். டாக்டர் சின்னக் கண்ணாடியால் கன்னத்தை விலக்கிப் பிடித்திருந்ததால் மூட முடியவில்லை.

திரையில் அந்த இடம் வந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய உள்கன்னம் வெளுத்து, சுருக்கம் சுருக்கமாக, ஊறிப்போன விரல் தோல் மாதிரி தடித்துக் கிடந்தது. ஈறு இறங்கிப் பல்லின் வேர் பழுப்பாகத் தெரிந்தது. அந்த மடிப்புக்குள், எவ்வளவு கொப்பளித்தும் போகாத ஒரு இலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அது திரையில் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது.

டாக்டர் ரீனா சனத்துக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்தபடி பேசினார். திரை கொடுத்தவர் என்பதைத் தவிர அவருக்கு இவர் யார் என்று தெரியாது. புகையிலையை ஒரே இடத்தில் வருஷக் கணக்காக அதக்கினால் இப்படி வெள்ளைப்படும், வலி இருக்காது, அதனால்தான் ஆபத்து, இதில் சில புற்றாக மாறும், இன்றைக்குக்கூட இவர் போட்டிருக்கிறார் பாருங்கள் என்று மைக்கில் தெளிவாகச் சொன்னார். மண்டபத்தில் சத்தமே இல்லாததைக் கவனித்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்து கேமராவை எடுத்து மேஜையில் வைத்தார். திரையை அணைக்கத் தெரிந்த ஒரே ஆள் நாற்காலியில் கிடந்ததால், மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி பெரிதாக அதில் ஓடிக்கொண்டே இருந்தது.

யாரோ ஒருத்தர் இருமினார். ஆம்பளைகள் பக்கத்தில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கியது கேட்டது. செபஸ்தியான் எழுந்தபோது முதலில் கண்ணில் பட்டவன் பிராங்கிளின். அவன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். பெண்கள் வரிசையில் அன்னாள் சுங்குடிச் சேலைத் தலைப்பை மடியில் வைத்து மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தாள். அவள் திரையையே பார்த்திருக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

அதன் பிறகு செபஸ்தியான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். கிட்டங்கியை வேலைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்று டீக்கடையில் யாரோ சொன்னதாக அவர் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, பேசும்போது அவர் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முகத்துக்கு நேராக ஒருத்தர் திட்டியிருந்தாலும் நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டர் ரீனா போன் மேல் போன் செய்தார். முதலில் மன்னிப்புக் கேட்க, பிறகு அந்த இடத்தில் ஒரு துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்ல. இவர் போனை எடுக்கவில்லை. அன்னாள் எடுத்துப் பேசினாள். பேசிவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னதும் செபஸ்தியானுக்குக் கோபம் பொங்கியது. கூட்டத்தில் வைத்து என்னை அம்மணமாக்கினவள் இப்போது அறுக்க வேறு கூப்பிடுகிறாளா என்று கத்தினார்.

அன்னாள் திரை யாருடையது என்று மட்டும் கேட்டாள். அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் இப்படி உட்கார்ந்து பேசியதை அவர் பார்த்ததில்லை.

"தலகாணி உறையைத் துவைக்கிறவ நான். அதுல இருக்க கறை எதுல வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதுசுல இருந்தே தெரியும். ஆம்பளைக்கு ஒரு பழக்கம் இருக்கு, போகட்டும்னு இருந்தேன். பிராங்கிளினை முழங்கால் போட வச்சீங்கள்ல, அன்னைக்குத்தான் எனக்கு வெக்கமாப் போச்சு. நான் எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லலையே, பொம்பளைக அம்புட்டுப் பேரும் உங்களை மெச்சுறப்ப நானும் சேந்துல்ல தலையாட்டுனேன். எனக்கு அந்த வெக்கமே போதும், இனி சும்மா இருக்க மாட்டேன். அறுத்துப் பாக்க வாங்க."

அந்த வீட்டில் தான் மட்டும் ஒளித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தார். இத்தனை வருஷமும் தன் அசிங்கத்தை இன்னொருத்தி சோப்புப் போட்டு அலசிக்கொண்டிருந்திருக்கிறாள். மண்டபத்தில் பட்ட வெட்கம் வெளியே இருந்து வந்தது, கதவைச் சாத்திக்கொள்ள முடிந்தது. இது வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் போனார். கத்தி பட்டால் இருக்கிற புற்று உடம்பு முழுக்கப் பரவிவிடும் என்று அவரும் மற்றவர்களைப் போல நம்பினார், அதனால் கிளினிக் வாசலில் ஒருமுறை திரும்பிப் போகவும் பார்த்தார். அன்னாள் பின்னால் நின்றதால் முடியவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு சதையை எடுத்தார்கள். முடிவு மதுரையிலிருந்து வந்தது. புற்று இல்லை. ஆனால் அதற்குப் போகிற வழியில் கால் வைத்தாகிவிட்டது. இன்றோடு நிறுத்தினால் திரும்பி வரலாம், நிறுத்தாவிட்டால் யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றார் டாக்டர். அவர் கன்னத்தின் படத்தைச் சின்னத் திரையில், கதவைச் சாத்திவிட்டு, அவருக்கு மட்டும் காட்டினார். பெரியப்பா மகனின் ஓட்டைக் கன்னம் செபஸ்தியானுக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சாவைச் சொல்லித்தானே பதவி வாங்கினோம் என்றும் ஞாபகம் வந்தது. அங்கேயே அழுதார். மேடையில் அழுத மாதிரி இல்லை, மூக்கு ஒழுக அசிங்கமாக அழுதார்.

புகையிலையை விட்டார். விடுவது லேசாக இல்லை. சோம்பும் கிராம்பும் மென்று நாக்கு வெந்துபோனது, வேலைக்காரர்கள் மேல் எரிந்து எரிந்து விழுந்தார். டாக்டர் ஒன்று கேட்டார். அவருடைய படத்தை, பேர் சொல்லாமல், இதே மாதிரி வருகிற மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று. செபஸ்தியான் நெடுநேரம் யோசித்தார். காட்டுங்கள், ஆனால் பேரும் ஊரும் வேண்டாம் என்றார். தலைவர் பதவியை வேண்டாம் என்று பங்குச்சாமியிடம் சொல்லிவிட்டார், உடம்பு சரியில்லை என்றுதான் காரணம் சொன்னார். ஞாயிறு விடியல் பூசைக்குப் போய்க் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, ஆள் வருமுன் வீடு திரும்பினார். பாஸ்குவுக்குத் திரையை அனுப்பினார், அவர் போகவில்லை. இராயப்பராக யாரோ ஒரு பையன் நடித்தானாம், பிராங்கிளின் வர மாட்டேன் என்றுவிட்டானாம்.

மறுபடி கேமரா வைத்துப் பார்க்க வரச் சொன்ன நாளில், ஒரு மத்தியானம், செபஸ்தியான் தனியாகக் கிளினிக்குக்குப் போனார். பரிசோதனை நாற்காலிக்கும் வெளி பெஞ்சுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். உள்ளே யாரோ இருந்தார்கள். குரலைக் கேட்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பிராங்கிளின்.

அவனுக்கும் உள்கன்னத்தில் வெள்ளை இருந்தது, அதோடு ஒரு சின்னப் புண்ணும். டாக்டர் அவன் வாயையே படமாகக் காட்டி, சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். பிராங்கிளின் மாட்டேன் என்றான். கத்தி பட்டால் பரவிவிடும், தோல் ஷாப்பில் ஒருத்தனுக்கு அப்படித்தான் ஆனது, இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகிறேன் என்றான். கத்தியால் பரவாது, பார்க்காமல் விட்டால்தான் பரவும் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். பிறகு சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. இதைப் பாருங்கள், இவரும் உங்களை மாதிரி பயந்தவர்தான், சதை எடுத்துப் பார்த்தார், நல்லபடியாக இருக்கிறார், யார் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார்.

துணியின் இந்தப் பக்கம் செபஸ்தியான் பெஞ்சின் நுனிக்கு வந்தார். அது, காட்டலாம் என்று தான் சொன்ன தன் கன்னம். அந்தக் கன்னத்தைப் பங்கில் அறியாதவர் யாரும் இல்லை, சந்தைக் கூட்டத்தில் வைத்துக் காட்டினாலும் பிராங்கிளினுக்கு அடையாளம் தெரியும். இப்போது சொல்லப் போகிறான், சிரிக்கப் போகிறான் என்று காத்திருந்தார். சிரிக்க அவனுக்கு உரிமை இருந்தது.

பிராங்கிளின் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"யாருன்னு எனக்குத் தெரியலைங்க டாக்டர். யாரோ பாவம்" என்றான்.

செபஸ்தியான் எழுந்துவிட்டார். வாசல் பக்கம் போயிருக்கலாம், போனால் யாருக்கும் தெரியாது. கால் அந்தப் பக்கம்தான் முதலில் திரும்பியது. அவன் தன் மானத்தை மூடிவிட்ட அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வெளியே போவதற்கு அவருக்குத் துணிச்சல் வரவில்லை. துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அது என் வாய்தான் டாக்டர். இவனுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தெரியலைங்கிறான்."

டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்ல வாயெடுத்தார். பிராங்கிளின் கழுத்தில் கட்டிய காகிதத் துணியோடு பாதி எழுந்தான். செபஸ்தியான் விரலால் தன் கன்னத்தை இழுத்துப் பிடித்து, சதை எடுத்த இடத்தை அவனிடம் காட்டினார். பரவவில்லை, பார், நான் உன் முன்னால் நிற்கிறேன் பார் என்றார். எச்சில் முழங்கை வரைக்கும் வழிந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் நல்ல மனிதராக வெளியே போயிருக்கலாம். அப்படிப் போக அவருக்குப் பிடிக்கவில்லை.

"இன்னொன்னு இருக்கு பிராங்கிளினு. ஒன் மடியில இருந்து பிடுங்குன பொட்டலத்தை நான் தீயில போடல. பாஸ்கு அன்னைக்கு நானே போட்டுக்கிட்டேன். அதை வாயில வச்சுக்கிட்டுத்தான் ஒன் வேசத்துல நின்னு அழுதேன். நீ ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்த."

பிராங்கிளின் பக்கத்துத் தொட்டியில் துப்பினான். டம்ளர் தண்ணீரை எடுத்து நிதானமாக வாய் கொப்பளித்தான், காகிதத் துணியை அவிழ்த்து வாயைத் துடைத்துக்கொண்டான். டாக்டர் ரீனா கையிலிருந்த கேமராவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். செபஸ்தியான், நாளைக்கே வா, நான் கூட இருக்கிறேன், ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரல் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

"நீங்க முழங்கால் போடச் சொன்னீங்க, போட்டேன். எனக்கு அது ஒன்னுமில்லைண்ணே" என்றான் பிராங்கிளின். "லிடியா அதுக்கப்புறம் பாட்டுக் குழுவுக்குப் போகல. கோயிலுக்கே என்கூட வாரதில்ல. அப்பா திருந்துனாத்தான் வருவேங்கிறா."

பிறகு டாக்டரிடம் திரும்பி, சதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். எப்போது வர வேண்டும் என்று கேட்டான். காலையில் சாப்பிட்டுவிட்டு வரலாமா என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு செபஸ்தியானுக்கு முன்னால் வந்து நின்றான். இந்த முறை தலையைக் குனியவில்லை.

"நாளைக்கு வாரேன். ஆனா நீங்க வர வேண்டாம்ணே. ஒங்க கூட வரமாட்டேன்."

செபஸ்தியான் தலையாட்டினார். வழியை மறித்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் தெரிந்து, சுவரோடு ஒட்டி ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்.